ஏழு நிற மருந்து கிட்டுகள்: எது நோயை முடிக்கிறது, எது திரும்ப விடுகிறது

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் பால்வினை நோய்க்கு மருந்து கிடைக்கும் வழிகள் மூன்று. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்கும் மாத்திரைப் பொட்டலம் ஒன்று. தனியார் கிளினிக்கில் போடும் ஊசி இன்னொன்று. மூன்றாவது, அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையத்தில் காசில்லாமல் தரும் நிற கிட். இந்த மதிப்புரை அந்த கிட்டுகளைப் பற்றியது. மற்ற இரண்டும் ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் வரும்.

மூன்றாம் நாள் போய் மருந்து வேலை செய்ததா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா கிட்டும் பாஸ்தான். சீழ் நின்றிருக்கும், நீர்க்கடுப்பு அடங்கியிருக்கும், புண் காயத் தொடங்கியிருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தூரம் தெரியும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: வெள்ளை கிட் இன்றும் அசைக்க முடியாத மருந்து. சாம்பல் கிட் பயன் தருகிறது, ஆனால் அதன் காலம் கரைந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் கிட்டில் மருந்து சரி, அதை முழுதாக முடிப்பவர்கள் குறைவு. பச்சை கிட் நிம்மதி தரும், நிலைத்த பலன் தராது. மையத்தின் சேவையைப் பொறுத்தவரை முதல் நாள் நன்றாக நடக்கிறது. ஆறாம் மாதம்தான் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

கிட்டின் அடிப்படை எளிது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோவின் வழிகாட்டுதல்படி, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அறிகுறியைப் பார்த்து, அந்த அறிகுறியை உண்டாக்கக்கூடிய முக்கியக் கிருமிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றைக்கே மருந்து கொடுத்துவிடுவது. "முடிவு வந்ததும் வாங்க" என்று அனுப்பினால் மறுநாள் படகேறிவிடும் ஊரில் இந்த முறைக்கு ஈடில்லை. உள்ளடக்கம் அவ்வப்போது திருத்தப்படுவது உண்டு. அதனால் கீழே சொல்லியிருக்கும் அளவுகளை உங்கள் கையில் இருக்கும் அட்டையில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் அட்டையில் உள்ளதே கணக்கு.

வெள்ளை கிட்

பிறப்புறுப்பில் கொப்புளம் இல்லாமல் புண் மட்டும் வந்தவருக்கு இது. ஊரில் கிரந்தி, பறங்கிப்புண் என்று சொல்வது பெரும்பாலும் இதற்குள் அடங்கும். உள்ளே பென்சத்தீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் குப்பி ஒன்று, அசித்ரோமைசின் 1 கிராம், கலக்குவதற்கான நீர் 10 மி.லி., 21 கேஜ் ஊசியோடு ஒரு சிரிஞ்சு. பென்சிலின் சிபிலிஸுக்கு. அசித்ரோமைசின் சாங்க்ராய்டு என்னும் வலிக்கும் புண்ணுக்கு. இந்தப் பங்கீட்டை மறந்து, ஊசிக்குப் பயந்து மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அசித்ரோமைசினை எதிர்க்கும் சிபிலிஸ் கிருமி பல நாடுகளில் பரவிவிட்டது. மாத்திரை மட்டும் என்றால் சிபிலிஸுக்குச் சிகிச்சை நடக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். புண் தானாகவே காய்ந்துவிடும் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. மருந்தே எடுக்காவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறும், நோய் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

1940-களில் சிபிலிஸுக்குப் பென்சிலின் போடத் தொடங்கினார்கள். 80 ஆண்டு கடந்தும் அந்தக் கிருமி பென்சிலினை எதிர்க்கக் கற்றுக்கொண்டதாக ஒரு பதிவும் இல்லை. வெட்டை நோயின் எந்த மருந்துக்கும் இந்தப் பெருமை கிடையாது. ஆனால் எந்தப் பென்சிலின் என்பது முக்கியம். சிபிலிஸ் கிருமி மெதுவாகப் பெருகுவது. ஒன்று இரண்டாக ஏறக்குறைய 30 மணி நேரம் எடுக்கும். பென்சிலின் அது பெருகும் வேளையில்தான் சுவரைக் குலைக்கும் என்பதால், ரத்தத்தில் மருந்து பல நாள் இடைவிடாமல் இருக்க வேண்டும். பென்சத்தீன் பென்சிலின் தசைக்குள் படிந்து, இரண்டு மூன்று வாரம் மெல்லக் கரைகிறது. சில மணி நேரத்தில் வெளியேறிவிடும் சாதாரணப் பென்சிலின் ஊசி ஒன்று போட்டு அனுப்பினால் அந்த வேலை ஆகாது.

அளவிலும் தவறு நடக்கிறது. வெளிக்கடைகளில் பென்சத்தீன் பென்சிலின் 6, 12, 24 லட்சம் யூனிட் என்று வெவ்வேறு அளவில் இருக்கும். சிறிய அளவுகள் வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதாமாதமோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ போடுவதற்காக வந்தவை. 12 லட்சம் குப்பி ஒன்றைப் போட்டுவிட்டு "பென்சிலின் போட்டாச்சு" என்று சீட்டில் எழுதினால் அது பாதி மருந்து. ஊசி போட்டுக்கொண்டவர் எத்தனை லட்சம் என்று கேட்டு, தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஊசி போடும் செவிலியருக்குத் தெரிந்த தொல்லை ஒன்று: இந்தத் தூள் கட்டி தட்டும், ஊசி அடைக்கும். நீரை விட்டு ஒரே சீராகக் கலங்கும் வரை கலக்க வேண்டும், சிரிஞ்சில் ஏற்றியபின் வைத்திருக்கக் கூடாது. இரண்டு புட்டத்திலும் பாதிப் பாதியாக, ஆழமாக, நிதானமாக. ஏற்றுவதற்கு முன் பின்னால் இழுத்துப் பார்த்து ரத்தம் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ரத்தக் குழாய்க்குள் போனால் இதயம் நிற்கும் அளவுக்கு ஆபத்து. அடைத்துப் போன சிரிஞ்சில் கால்வாசி மருந்து தங்கி, அதோடு குப்பைக்குப் போவதும் உண்டு. அப்போது உடம்புக்குள் முழு அளவு போகவில்லை, திரும்பப் போட வேண்டும்.

பென்சிலின் ஒவ்வாமை பயம் நியாயமானது. கடும் ஒவ்வாமைக்கான அவசர ஊசியான அட்ரினலின் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாததால் தனியார் இடங்கள் பலவற்றில் பென்சிலினையே தவிர்த்துவிடுகிறார்கள். சுகவாழ்வு மையத்துக்குப் போகச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அன்று இரவு குளிர்காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வந்தால் அது ஒவ்வாமை அல்ல. கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வரும் எதிர்வினை, 24 மணி நேரத்தில் அடங்கும், பாராசிட்டமால் போதும். இதை முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பினால் "ஊசி எனக்கு ஒத்துக்கலை" என்று சொல்லி ஆயுளுக்கும் பென்சிலினை மறுக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் தவிர்க்கக்கூடிய இழப்பு இது.

புண்ணோடு வந்தவருக்கு ஒரு தவணை போதும். புண் எதுவும் இல்லாமல், கர்ப்பகாலப் பரிசோதனையிலோ அரசின் எச்.ஐ.வி. சோதனை இடமான நம்பிக்கை மையத்திலோ ரத்தத்தில் மட்டும் சிபிலிஸ் தெரிந்து, எப்போது தொற்றியது என்றே சொல்ல முடியாதவருக்கு மூன்று தவணை, வாரத்துக்கு ஒன்று. இந்தக் கரையில் தவணை உடைவது இங்கேதான். ராமேஸ்வரம் விசைப்படகு போய் மறுநாள் திரும்பிவிடும், அந்த ஆள் அடுத்த வாரம் வர முடியும். கொச்சி, மங்களூர் பக்கம் ஆழ்கடல் படகில் தங்கலுக்குப் போகிறவர் வர முடியாது. இரண்டு ஊசிக்கு நடுவே 14 நாளைத் தாண்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே பாதுகாப்பான வழி. கர்ப்பிணிக்கு அந்தச் சலுகையும் கிடையாது, 7 முதல் 9 நாளுக்குள் அடுத்த ஊசி போட்டாக வேண்டும். கர்ப்பிணிக்குப் பென்சிலினுக்கு மாற்று மருந்தும் இல்லை. ஒவ்வாமை இருந்தால் பெரிய மருத்துவமனையில் சேர்த்து, சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழக்கி, பிறகு பென்சிலினே போடுவார்கள். பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே சிகிச்சை நடந்திருந்தால்தான் குழந்தைக்கும் போதிய காப்பு.

ஊசிக்குப் பிறகு வரும் ஒரு வருடம்

சிபிலிஸ் குணமானதை உடம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆர்.பி.ஆர் அல்லது வி.டி.ஆர்.எல் என்னும் ரத்தச் சோதனையின் அளவு எண் சொல்லும். முதல் நாள் 1:32 என்று, அதாவது 32 மடங்கு நீர்க்கச் செய்தும் பாசிடிவ் என்று, இருந்தால் 6 முதல் 12 மாதத்துக்குள் 1:8 அல்லது அதற்கும் கீழே இறங்க வேண்டும். நான்கு மடங்கு இறக்கம், அதாவது இரண்டு படி. 32-லிருந்து 16 வந்தால் அது ஒரு படிதான், சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். பழைய தொற்றுக்கு 24 மாதம் வரை பார்க்க வேண்டும்.

இதற்கு முதல் எண் கையில் இருக்க வேண்டும். "ரியாக்டிவ்" என்று ஒரு சொல்லோடு வரும் ரிப்போர்ட்டால் பின்னால் பயன் இல்லை. எண் எழுதித் தரும்படி கேளுங்கள். கிட் கொடுக்கும் நாளிலேயே ரத்தம் எடுத்துவிட வேண்டும். பின்னாளில் ஒப்பிடுவதும் அதே சோதனையோடுதான். ஆர்.பி.ஆர் எண்ணையும் வி.டி.ஆர்.எல் எண்ணையும் ஒப்பிட்டு இறங்கியது ஏறியது என்று சொல்லக் கூடாது. முடிந்தால் ஆய்வகமும் அதுவாகவே இருக்கட்டும். இரண்டு எச்சரிக்கை: புண் வந்த புதிதில் ஆர்.பி.ஆர் நெகடிவ் என்று வரலாம், சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். நோய் உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் மிதமிஞ்சி இருந்தாலும் நீர்க்கச் செய்யாத மாதிரியில் பொய்யாக நெகடிவ் காட்டும். உடம்பெல்லாம், உள்ளங்கை உள்ளங்காலில்கூட, தடிப்பு இருக்கிறது, ரிப்போர்ட் நெகடிவ் என்றால் நீர்க்கச் செய்து திரும்பப் பாருங்கள் என்று ஆய்வகத்திடம் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தும் சிலருக்கு எண் 1:2, 1:4 என்று வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். மறுதொற்றோ வேறு அறிகுறியோ இல்லாவிட்டால் அது சிகிச்சைத் தோல்வி அல்ல. சிபிலிஸை உறுதி செய்யும் இன்னொரு ரத்தச் சோதனையான டி.பி.எச்.ஏ பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பாசிடிவாகவே இருக்கும். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் சிபிலிஸும் பார்க்கப்படும் என்பதால் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. பாசிடிவ் வந்த பதற்றத்தில் ஊசிக்கு மேல் ஊசி போட்டுக்கொண்டாலும் டி.பி.எச்.ஏ மாறாது. போட்ட ஊசியின் அளவும் தேதியும், ஆர்.பி.ஆர் இறங்கிய வரிசையும் உள்ள காகிதம்தான் குணமானதற்குச் சான்று. நீலப் பையிலோ தகரப் பெட்டியிலோ, நனையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

சாம்பல் கிட்

ஆணுக்குச் சீழ் வடிதல், நீர்க்கடுப்பு. பெண்ணுக்குக் கருப்பை வாயிலிருந்து சீழ். வெட்டை என்று சொல்லும் கொனோரியாவுக்கு செஃபிக்ஸிம் 400 மி.கி., கிளமிடியா என்னும் இன்னொரு பால்வினைத் தொற்றுக்கு அசித்ரோமைசின் 1 கிராம். இரண்டும் ஒரே வேளை, மையத்திலேயே கண் முன்னால் விழுங்க வைக்கிறார்கள். அதுதான் இந்த கிட்டின் பலம். நாள் கணக்கில் மாத்திரை எண்ண வேண்டியதில்லை, படகில் மறந்து வைத்துவிட்டுப் போக வழியில்லை. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிற்றுப் பிரட்டல் குறையும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து உள்ளே போகவில்லை என்று கணக்கு, திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும்.

பலவீனம் கிருமியின் பக்கத்திலிருந்து வருகிறது. கொனோரியா கிருமி சல்ஃபாவைத் தோற்கடித்தது, பிறகு பென்சிலினை, டெட்ராசைக்ளினை, சிப்ரோஃப்ளாக்சசினை. ஒவ்வொரு மருந்தும் சில பத்தாண்டுதான் தாங்கியது. செஃபிக்ஸிம் தோற்ற நோயாளிகள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பதிவானார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் அதை முதல் வரிசையிலிருந்து நீக்கிவிட்டு செஃப்ட்ரியாக்சோன் ஊசியை மட்டும் வைத்துக்கொண்டது. 2020-இல் அந்த ஊசியின் அளவையும் 250-லிருந்து 500 மி.கி. ஆக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 100 பேரில் 5 பேருக்கு மேல் ஒரு மருந்து தோற்கும் நிலை வந்தால் அதைப் பொதுச் சிகிச்சையிலிருந்து எடுத்துவிட வேண்டும். தொண்டையில் இருக்கும் கொனோரியாவுக்குச் செஃபிக்ஸிம் எப்போதுமே போதாது. வாய்வழி உறவு இருந்தால் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும், ஊசி தேவைப்படும்.

அசித்ரோமைசினுக்கும் ஒரு குறை உண்டு. உடம்பை விட்டுப் போக நாள் எடுக்கும் மருந்து அது. கடைசி நாட்களில் கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் பழக்கிவிடப் போதுமான அளவு ரத்தத்தில் தங்கும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் கடைக்குக் கடை அதைக் கொடுத்துத் தீர்த்ததால் நிலைமை இன்னும் மோசம். கிளமிடியாவுக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. காலை மாலை 7 நாள் கொடுப்பது ஒரு வேளை அசித்ரோமைசினை விட நன்றாக நோயை முடிக்கிறது. ஆசனவாய்த் தொற்றில் வித்தியாசம் இன்னும் பெரிது. கர்ப்பிணிக்கு மட்டும் அசித்ரோமைசின்தான். ஏழு நாளும் ஒழுங்காகப் போடக்கூடிய ஆள் என்றால் மருத்துவரிடம் டாக்சிசைக்ளின் பற்றிக் கேட்பது தவறில்லை.

சீழ் திரும்ப வந்தால் நாளைக் கணக்கிடுங்கள். மருந்து போட்டு 3 முதல் 5 நாளில் குறையவே இல்லை, இடையில் உறவும் இல்லை என்றால் மருந்து தோற்றிருக்கலாம். நின்று, பல வாரம் கழித்து வந்தால் பெரும்பாலும் மறுதொற்று. கெட்டியான சீழ் நின்று, தண்ணீராகக் கசிவு மட்டும் மிச்சமிருந்தால் கிளமிடியாவோ, மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம், டிரைக்கோமோனாஸ் என்னும் வேறு கிருமிகளோ இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, அதே சாம்பல் கிட்டை இரண்டாம் முறை கொடுப்பது தீர்வு அல்ல. மருந்து தோற்றது என்ற சந்தேகம் வந்தால் கல்ச்சர், அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, வேண்டும். கொனோரியா கிருமி உடம்புக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். சீழை எடுத்த இடத்திலேயே தட்டில் தேய்க்க வேண்டும் அல்லது கிருமியை உயிரோடு வைத்திருக்கும் ஊடகத்தில் வைத்து உடனே அனுப்ப வேண்டும். காய்ந்த பஞ்சுக் குச்சியை பஸ்ஸில் ராமநாதபுரத்துக்குக் கொடுத்து அனுப்பினால் "வளர்ச்சி இல்லை" என்றுதான் வரும், நோய் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. கரையோர ஊர்களில் இருந்து இப்படிப்பட்டவர்களை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல், பால்வினைப் பிரிவுக்கு நேரில் அனுப்புவதே சரி.

மெடிக்கல் ஷாப் பொட்டலத்தோடு ஒப்பிட்டால் இத்தனை குறையோடும் சாம்பல் கிட் பல மடங்கு மேல். கடையில் கைக்கு வருவது சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது ஓஃப்லாக்சசின்-ஓர்னிடசோல் கலவை. இந்தியாவில் கொனோரியா இந்த வகை மருந்துகளை எதிர்க்கத் தொடங்கிப் பல வருடமாகிறது. எரிச்சல் சற்றுக் குறையும், கிருமி இருக்கும், அதற்குள் இன்னொருவருக்குப் போயிருக்கும். ரத்தச் சோதனையும் நடக்காததால் கூட வந்த சிபிலிஸோ எச்.ஐ.வி.யோ தெரியாமலே போகும்.

பெண்களுக்கான மஞ்சளும் பச்சையும்

அடிவயிற்று வலியோடு வருபவருக்கு மஞ்சள் கிட்: செஃபிக்ஸிம் 400 மி.கி. ஒரு வேளை, மெட்ரோனிடசோல் 400 மி.கி., டாக்சிசைக்ளின் 100 மி.கி. இரண்டும் காலை மாலை 14 நாள். நான்காம் நாள் வலி போய்விடும். வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், அதோடு மாத்திரையும் நின்றுவிடும். நீண்ட காலத்தில் இழப்பு அதிகம் இதில்தான். கருக்குழாய் வடுப்பட்டு அடைத்துக்கொள்வது வலியில்லாமல் நடக்கும். ஸ்வீடனில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஒருமுறை இந்த அடிவயிற்று அழற்சி வந்தவர்களில் 8 சதவீதம், இரண்டு முறை வந்தவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம், மூன்று முறை வந்தவர்களில் 40 சதவீதம் பேருக்குக் குழாய் அடைப்பால் குழந்தையின்மை வந்தது. எனவே 14 நாளையும் முடிப்பதோடு இரண்டாம் தடவை வராமல் பார்ப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. மூன்று நாளில் வலி குறையாவிட்டால், காய்ச்சல் நிற்காவிட்டால், மாதவிலக்குத் தள்ளியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் இதே இடத்தில்தான் வலிக்கும்.

டாக்சிசைக்ளின் பற்றி இந்தக் கரைக்கென்று சில சொல்ல வேண்டும். வெயில் பட்டால் தோல் வெந்து சிவக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்களும் கருவாடு காயப்போடுகிறவர்களும் அந்த 14 நாள் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, முகத்தையும் மூடிக்கொள்வது அவசியம். நீலம், கறுப்பு கிட் வாங்கிக் கடலுக்குப் போகிற ஆண்களுக்கும் இதே கதை. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்கக் கூடாது. வெறும் வாயில் முழுங்கிவிட்டுப் படகின் தளத்தில் சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்சு எரியும். பால், ஜெலுசில் வகை மருந்து, அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை எதுவும் கூடவே கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டால் அது ரத்தத்துக்குப் போகாது. ரத்தசோகை மாத்திரையும் மஞ்சள் கிட்டும் ஒரே கையில் வாங்கும் பெண்களுக்கு இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும். மெட்ரோனிடசோல் போடும் நாட்களிலும், முடிந்து ஒன்றிரண்டு நாளும் மது கூடாது. கர்ப்பிணிக்கு இந்த கிட்டே கூடாது.

வெள்ளைப்படுதலுக்குப் பச்சை கிட்: செக்னிடசோல் 1 கிராம் இரண்டு மாத்திரை, ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒன்று, எல்லாம் ஒரே நாள். துர்நாற்றமும் அரிப்பும் சில நாளில் அடங்கும். ஆனால் பாக்டீரியல் வஜினோசிஸ் என்னும் வகை ஒரு வருடத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் திரும்புகிறது. ஆணுக்கு மருந்து தேவையில்லை என்றே இத்தனை காலம் சொல்லிவந்தோம். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு அதை மாற்றியிருக்கிறது: ஒரே துணை உள்ள பெண்களில், கணவருக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையும் கிளிண்டமைசின் பூச்சும் 7 நாள் கொடுத்தபோது 35 சதவீதம் பேருக்குத் திரும்பியது. பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம். அடிக்கடி திரும்புகிறது என்று அலையும் பெண்கள் மையத்தில் இதைக் கேட்கலாம். "உடம்புச் சூடு" என்று இளநீரோடு நிறுத்திக்கொள்வதை விட அது மேல். பெண்ணுக்கு உள்பரிசோதனை செய்யாமல் பச்சை கிட்டை நீட்டுவது நல்ல சேவை அல்ல. வெள்ளைப்படுதலின் பின்னால் கருப்பை வாயில் கொனோரியாவோ கிளமிடியாவோ இருந்தால் சாம்பலும் சேர்த்துத்தான் தர வேண்டும். வெளியே பார்த்து அது தெரியாது.

மற்ற மூன்றும் சுருக்கமாக. நீலம், பென்சிலின் ஒவ்வாதவரின் புண்ணுக்கு: டாக்சிசைக்ளின் 15 நாள், அசித்ரோமைசின் 1 கிராம். முழுதாக முடித்தால் நல்ல மாற்று, பின்தொடர் ஆர்.பி.ஆர் இன்னும் கட்டாயம். சிவப்பு, பிறப்புறுப்பில் வரும் அக்கிக் கொப்புளத்துக்கு அசைக்ளோவிர் 400 மி.கி. மூன்று வேளை 7 நாள். இது ஆன்டிபயாட்டிக் அல்ல, வைரஸை உடம்பை விட்டு அகற்றாது. கொப்புளம் திரும்ப வருவது மருந்தின் தோல்வி அல்ல, சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் ஆறும். கறுப்பு, அரையாப்புக் கட்டிக்கு: டாக்சிசைக்ளின் 21 நாள், அசித்ரோமைசின் 1 கிராம். கட்டியைக் கீறக் கூடாது. பழுத்திருந்தால் பக்கத்து நல்ல தோல் வழியாக ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். கீறினால் ஆறாத புரை ஓடும்.

சேவை எங்கே தடுமாறுகிறது

எந்த கிட்டும் ஓர் ஆளுக்கானது. நோய் இருவருக்கானது. சிகிச்சை முடிந்தும் திரும்புவதில் பெரும்பங்கு மருந்தின் குறை அல்ல, துணைக்கு மருந்து போகாததுதான். கணவர் சாம்பல் கிட் வாங்கிக் குணமாகி, அறிகுறியே இல்லாத மனைவியிடமிருந்து அடுத்த மாதமே திரும்ப வாங்கிக்கொள்கிறார். பெண்களில் கொனோரியா, கிளமிடியா இரண்டும் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். மையங்கள் துணைக்குச் சீட்டுக் கொடுக்கின்றன, ஆலோசகர் பேசுகிறார். ஆனால் "சத்து மாத்திரை" என்று சொல்லி மனைவிக்கு வீட்டிலேயே கொடுக்கும் வழக்கம் நிற்கவில்லை. அது அவருடைய உடம்பு, அவருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதோடு, அவர் கர்ப்பமாக இருக்கலாம், அடிவயிற்று அழற்சியோடு இருக்கலாம், அப்போது மருந்தே வேறு. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் உறவில் இருந்த எல்லோருக்கும் மருந்து போக வேண்டும். இருவரும் மருந்து எடுத்து 7 நாள் வரை உறவு வேண்டாம். கணவர் துபாயிலோ கொச்சியிலோ இருந்தால் அங்கேயே மருந்து எடுத்துக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் ஊருக்கு வந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். அதுவரை ஆணுறை.

மறுபரிசோதனைக்கு வரச் சொல்லும் தேதிகள் நாட்காட்டியைப் பார்த்துப் போடப்படுகின்றன, கடலைப் பார்த்து அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வெளியூர்க் கரைக்குக் கூலிக்குப் போகாதவர்கள் வீட்டில் இருப்பார்கள். மூன்று வார ஊசிக்கும் துணையோடு சேர்ந்து வருவதற்கும் இதைவிட நல்ல காலம் கிடையாது. முந்தைய மழைக்காலத்தில் சிகிச்சை எடுத்தவருக்கு ஆறாம் மாத ஆர்.பி.ஆரும் ஏறக்குறைய அப்போதுதான் விழும். புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குவதும் ஒரு சிக்கல்: இரவெல்லாம் கடலில் இருந்து விடிந்து கரையேறும் ஆள் மீன் இறக்கி, கணக்கு முடித்து வருவதற்குள் சீட்டுப் போடும் நேரம் போய்விடுகிறது. வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் திறந்தால் இங்கே கூட்டம் வரும்.

எப்போது எதற்குத் திரும்பப் போவது என்பதை மையத்தில் எழுதித் தராவிட்டால் நீங்களே குறித்துக்கொள்ளலாம். சாம்பல் கிட் எடுத்தவர் 7-ஆம் நாள் ஒருமுறை, பிறகு 3 மாதத்தில் ஒருமுறை, அறிகுறி இல்லாவிட்டாலும். கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை செய்வதாக இருந்தால் மருந்து முடிந்து நான்கு வாரத்துக்குள் எடுக்க வேண்டாம், செத்த கிருமியின் மிச்சத்தையும் அது பாசிடிவ் என்று காட்டிவிடும். மஞ்சள் கிட் எடுத்தவர் 3-ஆம் நாளும் 14-ஆம் நாளும். வெள்ளை, நீலம் எடுத்தவர் 7-ஆம் நாள், பிறகு 6, 12 மாதத்தில், பழைய தொற்றென்றால் 24-ஆம் மாதத்திலும், ஆர்.பி.ஆர் எண்ணுக்காக. எச்.ஐ.வி. சோதனை முதல் நாள் நெகடிவ் என்றாலும் 3 மாதத்தில் நம்பிக்கை மையத்தில் இன்னொருமுறை. பக்கத்தில் மையம் எது என்று தெரியாதவர்கள் 1097 என்ற இலவச எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.